டி.வி-யில் பேசப் போறீங்களா... கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

'நீயா நானா'வில் மைக் பிடிக்கணும்னு ஆசையா? தாராளமா போங்க. விஜய் டி.வி-யில் 2006-லிருந்து வர்ற அந்த ஷோவில் பேசினவங்க பெரும்பாலும் நம்மளை மாதிரி ஆட்கள்தான். ஆனா, ஷூட்டிங்குக்கும் ஒளிபரப்புக்கும் நடுவுல எடிட்டிங்னு ஒண்ணு இருக்கு பாஸ்!

இந்த மாதிரி விவாத ஷோக்களை மணிக்கணக்கில் ஷூட் பண்ணுவாங்க. நீங்க நிதானமா சொன்ன விளக்கம் வெட்டுல போயிடலாம். மாமியாரைப் பத்திக் கோபத்துல விட்ட ஒரு வரி நின்னுடலாம். டி.வி-யில் அது ஒருநாள் கூத்து. ஷார்ட்ஸ், மீம்னு கிளம்பிட்டா, அடுத்த வருஷம் உங்களை இன்டர்வியூ எடுக்கிற ஹெச்.ஆர் போன்லயும் வந்து நிற்கும்.

செட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி சம்மதப் படிவம் நீட்டுவாங்க. வெட்டி ஒட்ட, மறுஒளிபரப்பு செய்ய, இணையத்துல போட... எல்லா உரிமையும் பொதுவா அதிலேயே சேனலுக்குப் போயிடும். முழுசா படிங்க.

குடும்பப் பஞ்சாயத்து ஷோன்னா இன்னும் யோசிக்கணும். 'சொல்வதெல்லாம் உண்மை'க்கு 2018-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, அந்தரங்கத்துல தலையிடுறாங்கன்னு வந்த வழக்குலதான். நீங்க சம்மதிச்சுட்டீங்க, சரி. நீங்க கதை சொல்லப்போற தங்கச்சியோ, எக்ஸோ சம்மதிச்சாங்களா?

சட்டையில் மாட்டின மைக் பிரேக்கிலும் ஆன்லயே இருக்கலாம், புலம்பலை வெளியே வெச்சுக்கோங்க. பொடிக்கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். கேம் ஷோவில் ஜெயிச்சா பரிசுப்பணத்துக்கு 30% வரி உண்டு. சான்ஸ் வாங்கித் தர்றேன்னு யாராவது ஜிபே பண்ணச் சொன்னா, நம்பரை அப்பவே பிளாக் பண்ணிடுங்க.