துணிச்சல் என்னும் தொழில்வழக்கு: கோல்டன் கேட் பாலக் கட்டுமானமும் (1933–1937) உயரப்பணியாளர் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

உயரமான இடங்களில் பணிபுரிவோர் பாதுகாப்புக் கருவிகளைத் தவிர்ப்பதற்கு அவர்களது இயல்பான அஞ்சாமையே காரணம் என்று கூறுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1933 முதல் 1937 வரை நடைபெற்ற கோல்டன் கேட் தொங்குபாலக் கட்டுமானத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறுஆய்வு செய்கிறது. துணிச்சல் காட்டுதல் தனிமனிதக் குணமன்று. பணிக்குழுவின் அமைப்பும் வேலையின் நிலையின்மையும் உருவாக்கிய ஒரு வழக்காறு என்பதும், பாதுகாப்பு எல்லோர்க்கும் பொதுவிதியானபோது அவ்வழக்காறு மாறியது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தொழிலாளர் நடத்தையைத் திருத்தும் விதிகளால் மட்டும் விபத்தைத் தடுக்க இயலாது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: உயரப்பணி, உடன்பணியாளர் அழுத்தம், பாதுகாப்பு வலை, தலைக்கவசம், கோல்டன் கேட் பாலம், தொழிலாளர் வரலாறு.

முன்னுரை

ஏணியின் கடைசிப் படியில் நின்று சுவருக்கு வண்ணம் பூசுபவர் முதல் வானளாவிய கட்டடத்தின் இரும்பு உத்திரத்தில் நடப்பவர் வரை, உயரத்தில் உழைப்போர் அனைவர்க்கும் பொதுவான ஓர் இக்கட்டு உண்டு. விழுந்துவிடக்கூடும் என்ற அச்சம் ஒருபுறம். அச்சத்தை வெளிக்காட்டினால் உடனிருப்போர் தன்னைக் குறைத்து மதிப்பிடுவர் என்ற எண்ணம் மறுபுறம். இவ்விரண்டில் பின்னதே பல வேளைகளில் வலிமை மிக்கதாக அமைகிறது.

விபத்து நேரும்போது இரண்டு விளக்கங்கள் வழமையாக முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்பது. மற்றொன்று, இத்தொழிலுக்கு வருவோர் இயல்பிலேயே துணிச்சல்காரர் என்பது. இரண்டுமே காரணத்தைத் தனிமனிதருக்குள் வைக்கின்றன. பணியிடம் எவ்வாறு அமைந்திருந்தது என்ற வினாவை எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண ஏற்ற களம் கோல்டன் கேட் பாலம். துணிச்சலைப் பெருமையாகக் கொண்ட ஒரு தொழிற்குழு, அதுவரை காணாத கடுமையான பாதுகாப்பு விதிகளுக்கு அங்கு உட்படுத்தப்பட்டது. அதன் விளைவுகளும் பதிவாகியுள்ளன.

அஞ்சாமை பற்றிய தொன்மம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்க நகரங்களில் எழுந்த பாலங்களும் உயர்கட்டடங்களும் இரும்புக் கட்டுமானத் தொழிலாளரைப் பற்றிய ஒரு தொன்மத்தையும் உருவாக்கின. அவர்கள் உயரத்தை அறியாதவர், அச்சமற்றவர் என்பதே அது. இத்தொன்மம் மிக அழுத்தமாகப் படிந்தது கனடாவின் கானவாகே பகுதியைச் சேர்ந்த மோஹாக் பழங்குடித் தொழிலாளர் மீதாகும். 1886ஆம் ஆண்டு செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே இருப்புப்பாதைப் பாலம் அமைக்கப்பட்டபோது இத்தொழிலுக்குள் வந்த அவர்கள், பின்னர் நியூயார்க் நகரின் உயர்கட்டடப் பணிகளிலும் புகழ்பெற்றனர். உயரத்தைக் கண்டு அஞ்சாமை அவர்களது பிறவிக்குணம் என்று பலர் எழுதினர். அத்தொழிலாளரோ, தமக்கும் பிறரைப் போன்றே அச்சம் உண்டு, அதை அடக்கிப் பணிபுரியக் கற்றிருக்கிறோம் என்றே கூறிவந்தனர்.

1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் சரிந்தது. அப்போது பாலத்தின் மீது இருந்த 86 பேரில் 75 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 33 பேர் கானவாகேயைச் சேர்ந்தவர்கள். பாலத்தின் எடையைக் குறைவாகக் கணித்த வடிவமைப்புப் பிழையே சரிவின் அடிப்படை என்பது விசாரணையில் தெளிவாயிற்று. இறந்தோரின் துணிச்சலோ அச்சமோ அங்கு எவ்வித வேறுபாட்டையும் ஏற்படுத்தவில்லை. ஆயினும் தொன்மம் மறையவில்லை. 1932 செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையக் கட்டடத்தில், 69ஆம் தளத்தின் உயரத்தில், ஓர் உத்திரத்தின் மீது 11 தொழிலாளர் அமர்ந்து உணவு உண்ணும் ஒளிப்படம் எடுக்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற அப்படம் இயல்பாகப் பதிவானதன்று. கட்டட விளம்பரத்திற்காகத் திட்டமிட்டு எடுக்கப்பட்டது. தொழிலாளரின் துணிச்சல் அவர்களுக்குள் மட்டும் பேசப்பட்ட பெருமையாக இராமல், பிறர் பயன்படுத்தும் விளம்பரப் பொருளாகவும் ஆகியிருந்தது என்பதற்கு இப்படமே சான்று.

பணிக்குழுவின் அமைப்பும் அழுத்தமும்

துணிச்சல் வழக்காறாக நிலைபெற்றதற்கான காரணத்தைப் பணியின் அமைப்பில் தேடவேண்டும். அக்காலத்தில் இரும்புப் பகுதிகள் ரிவெட் எனப்படும் தறையாணிகளால் இணைக்கப்பட்டன. இப்பணியைச் செய்த குழு நால்வரைக் கொண்டது. ஒருவர் உலையில் ஆணியைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவார். இரண்டாமவர் அதைத் தகரக் குவளையில் பிடித்துத் துளையில் செருகுவார். மூன்றாமவர் ஆணியின் தலையை ஒருபக்கம் அழுத்திப் பிடிக்க, நான்காமவர் காற்றழுத்தச் சுத்தியலால் மறுபக்கத்தை அடித்துத் தட்டையாக்குவார். நால்வரும் குறுகிய சாரப் பலகைகளில் நின்றே இவற்றைச் செய்தனர்.

நால்வரில் ஒருவர் பணிக்கு வராவிடினும் ஏனைய மூவரும் வேலை செய்ய இயலாது. ஆகவே ஒருவர் தயங்கினால் அது அவரது தனிப்பட்ட செய்தியாக நின்றுவிடுவதில்லை. நால்வரின் வேகமும் குறையும். இத்தகைய சார்பு நிலையில், பலகை ஆடுகிறது, கயிறு கட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்வது தன் தோழரின் பிழைப்பைத் தாமதப்படுத்துவதாகப் பொருள்படும். ஏளனமும் பட்டப்பெயரும் சவாலும் இச்சூழலில் வெறும் விளையாட்டல்ல. குழுவின் வேகத்தைக் காக்கும் கருவிகள். புதிதாக வந்தவரின் நிதானத்தைச் சோதிப்பதற்கும் ஒரு காரணம் இருந்தது. பதற்றத்தில் தடுமாறும் ஒருவரால் மற்றவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம். எனவே அழுத்தம் தந்தோர் அனைவரையும் பொறுப்பற்றவர் என ஒதுக்கிவிட முடியாது. நிதானத்தைச் சோதிக்கும் தேவை, தேவையற்ற ஆபத்தை ஏற்கத் தூண்டும் வழக்கமாகத் திரிந்தது என்பதே சிக்கல்.

இதனுடன் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்தது. 1933இல் அமெரிக்க உழைப்பாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். பணியிடத்தின் வாயிலில் வேலைக்காகக் காத்திருந்தோரை மேலிருந்தவர்கள் நாள்தோறும் கண்டனர். மறுப்புச் சொன்னால் அந்த இடத்தை நிரப்ப வேறொருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்ற அறிவு, உடன்பணியாளரின் ஏளனத்தைவிடக் கூர்மையான அழுத்தமாகும்.

கோல்டன் கேட் விதிகள்

பாலப்பணிகளில் உயிர்காப்பு முயற்சிகள் முன்பும் இருந்தன. ஸ்காட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தின் கட்டுமானத்தின்போது, நீரில் விழுவோரை மீட்கப் படகுகள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றால் 8 பேர் காப்பாற்றப்பட்டனர். ஆயினும் அப்படகுகள் விழுந்த பின்னரே பயன்படுவன. விழுதலைத் தொழிலின் தவிர்க்கவியலாப் பகுதியாக ஏற்றுக்கொண்ட மனநிலையின் வெளிப்பாடு அது. அமெரிக்கப் பாலப்பணிகளிலும் பத்து இலட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் என்ற கணக்கு வழங்கிவந்தது. அதன்படி ஏறத்தாழ 350 இலட்சம் டாலர் மதிப்புள்ள கோல்டன் கேட் பணியில் 35 பேர் வரை இறக்கலாம் என்று முன்னரே எதிர்பார்க்கும் நிலை இருந்தது.

1933 ஜனவரி 5 அன்று தொடங்கிய இப்பணியில் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. கோபுரங்களின் உயரம் 746 அடி. சாலைத் தளத்திற்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 220 அடி. கடற்காற்றும் மூடுபனியும் இடையறாதவை. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த புல்லார்டு நிறுவனம், முதல் உலகப் போர் வீரரின் எஃகுக் கவசத்தைப் பார்த்து, சுரங்கத் தொழிலாளருக்காகக் கன்வாஸ் துணியும் பசையும் கொண்டு கெட்டியான தொப்பியை 1919இல் உருவாக்கியிருந்தது. அது பாலப்பணிக்கு ஏற்ப மாற்றப்பட்டது. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்ட தொடக்ககாலப் பணியிடங்களுள் இதுவும் ஒன்று. கண்கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடிகள், பாதுகாப்புக் கயிறுகள், காற்றிலிருந்து தோலைக் காக்கும் களிம்பு, தலைச்சுற்றலைத் தவிர்க்கும் உணவுமுறை ஆகியனவும் அளிக்கப்பட்டன. பணியிடத்திலேயே மருத்துவமனை ஒன்று அமைக்கப்பட்டது.

இவற்றினும் முக்கியமானது ஒரு விதி: உயரத்தில் சாகசம் காட்டுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர். இவ்வாறு நீக்கியது துணிச்சல்காரருக்கு எரிச்சலூட்டியது என்று ஸ்ட்ராஸ் 1937இல் எழுதினார். அந்த எரிச்சல் பொருள்பொதிந்தது. அதுவரை வேலையைத் தக்கவைக்க உதவிய துணிச்சல், இப்போது வேலையை இழக்கச் செய்யும் குற்றமாயிற்று. எல்லோரும் கட்டாயமாகத் தலைக்கவசம் அணியும் இடத்தில் அதை அணிந்தவரைக் கோழை என்று எவரும் கூற இயலாது. விதி செய்த முதன்மையான பணி இதுவே எனலாம்: எச்சரிக்கையாக இருப்பதற்கான பழியைத் தனிமனிதரின் தோளிலிருந்து அது இறக்கிவைத்தது.

வலையும் புதிய பெருமையும்

சாலைத் தளம் அமைக்கும் கட்டத்தில், 1936இல், பாலத்தின் கீழ் மணிலாக் கயிற்றாலான வலை விரிக்கப்பட்டது. அதற்கான செலவு 1,30,000 டாலருக்கும் மேல். வலை பாலத்தின் அகலத்தைவிட 10 அடி கூடுதலாகவும், தளம் வளர்ந்துசென்ற முனையைத் தாண்டி 15 அடி வரையிலும் நீண்டிருந்தது. வலை விரிக்கப்பட்டபின் பணியின் வேகம் கூடியது என்று கட்டுமானத்தில் ஈடுபட்டோர் கூறியுள்ளனர். பாதுகாப்பு வேலையைத் தாமதப்படுத்தும் என்ற பொதுக்கருத்துக்கு இது நேர்மாறானது. விழாமல் இருப்பதற்குச் செலவான கவனம் பணிக்குத் திரும்பியது.

அவ்வலை 19 பேரைக் காப்பாற்றியது. உயிர் தப்பியோர் 'நரகத்துக்குப் பாதிவழி சென்றோர் கழகம்' என்னும் பொருள்படும் பெயரில் தம்மை ஒரு குழுவாக அழைத்துக்கொண்டனர். இப்பெயரை வேடிக்கையாக மட்டும் கொள்ளலாகாது. தொழில்வழக்கின்படி விழுதல் திறமையின்மையின் அடையாளம். வலையால் காக்கப்படுதல் நாணத்தக்கது. அவ்வாறிருக்க, விழுந்து வலையில் பிழைத்தமை உறுப்பினர் தகுதியாகவும் பெருமையாகவும் மாறியிருக்கிறது. தொழிலாளர் தம் நகைச்சுவையையும் குழுவுணர்வையும் கைவிடவில்லை. அவற்றின் பொருள் மாறியது. குழுவழக்கு மாறாதது என்ற கருத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

வலையின் எல்லை

பணி தொடங்கி ஏறத்தாழ 4 ஆண்டுகள் வரை உயிரிழப்பு நேரவில்லை. முதல் மரணம் 1936 அக்டோபர் 21 அன்று நிகழ்ந்தது. 1937 பிப்ரவரி 17 அன்று, தளத்தின் கீழ்ப்புறம் கான்கிரீட் வார்ப்புப் பலகைகளை அகற்றப் பயன்பட்ட, ஏறத்தாழ 5 டன் எடையுள்ள நகரும் சாரம் பிடிப்பிலிருந்து கழன்று வலையின் மீது விழுந்தது. மனிதரைத் தாங்க அமைந்த வலை அவ்வெடையைத் தாங்காமல் கிழிந்தது. 10 பேர் இறந்தனர். நீரில் விழுந்தோருள் இருவர் பிழைத்தனர். ஆக, இப்பாலத்தில் இறந்த 11 பேரில் 10 பேர் ஒரே விபத்தில் மாண்டனர். அவர்கள் சாகசம் காட்டியவர் அல்லர். விதியை மீறியவரும் அல்லர். தம்மைத் தாங்கிய சாரத்தை நம்பிப் பணிசெய்தவர்கள்.

எண்ணிக்கையை ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. அருகிலேயே, 1936 நவம்பரில் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் கட்டுமானத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் அதன் செலவு கோல்டன் கேட்டின் இருமடங்குக்கும் மேலாகும். எனவே இறப்பு எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொண்டு கோல்டன் கேட் விதிகளின் பயனை அளக்க முடியாது. வலையில் பிழைத்த 19 உயிர்களும், சாரம் சரிந்த ஒரே காலையில் போன 10 உயிர்களும் சேர்ந்தே அப்பயனையும் அதன் எல்லையையும் காட்டுகின்றன.

பின்வந்த சட்டங்கள்

ஒரு பொறியாளரின் முயற்சியால் வந்தது நாடு தழுவிய சட்டமாவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் 1970இல்தான் இயற்றப்பட்டது. இரும்புக் கட்டுமானத்திற்கெனத் திருத்தப்பட்ட தனிவிதிகள் 2001இல் வெளியாயின. அவை 15 அடிக்கு மேல் பணிபுரிவோர்க்கு விழுகைப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. ஆயினும் உத்திரங்களை முதலில் இணைக்கும் தொழிலாளர் 30 அடி வரை கயிற்றால் கட்டிக்கொள்ளாமல் பணிபுரிய அவை இடமளித்தன. அப்பணியில் விரைந்து விலகவேண்டிய தேவை உண்டு என்ற வாதம் இதற்குத் துணைநின்றது. இந்த வாதத்தில் தொழிலறிவும் உண்டு. பழைய வழக்காற்றின் நிழலும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உயரப்பணியாளரின் துணிச்சல் பிறவிக்குணமன்று. ஒருவரையொருவர் சார்ந்த குழுவமைப்பு, வேலையின் நிலையின்மை, புறத்தார் தந்த புகழ் ஆகியவற்றால் உருவான வழக்காறு. இரண்டாவது, எச்சரிக்கையைத் தனிமனிதரின் விருப்பத்திற்கு விட்டால் அது அவரைக் குழுவிலிருந்து பிரித்துக்காட்டும். எல்லோர்க்கும் பொதுவிதியாக்கினால் அவர் மீதான ஏளனம் வலுவிழக்கும். மூன்றாவது, தொழிலாளர் நடத்தையைத் திருத்துவதோடு கடமை முடிவதில்லை. அவர்கள் நிற்கும் சாரத்தின் உறுதிக்கு அதை அமைத்தவரே பொறுப்பு.

ஏணியில் கவனமின்றி ஏறும் இளைஞரைக் கண்டிப்பது எளிது. அவருக்கு உறுதியான ஏணி தரப்பட்டதா, ஏற மறுத்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா என்ற வினாக்களையும் கேட்கும்போதுதான் அக்கண்டிப்பு நியாயமாகும்.