தனியார் ரொக்கற்றுகளும் தவறிய தவணைகளும்

விண்வெளி ஆய்வின் வரலாறு பெரும்பாலும் அரசுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், 1969இல் ஐக்கிய அமெரிக்கா சந்திரனில் மனிதனை இறக்கியதும் அவ்வரலாற்றின் பெருநிகழ்ச்சிகள். இவற்றின் நிழலில் மற்றொரு வரலாறும் உண்டு. வணிக நோக்குடன் ரொக்கற்றுகளை ஆக்க முற்பட்ட தனியார் கம்பனிகளின் வரலாறு அது. அதனைப் பயில்வோர் இரண்டு செய்திகளை மீண்டும் மீண்டும் காண்பர். ஒன்று, அறிவிக்கப்பட்ட நாளில் ரொக்கற் புறப்படவில்லை என்பது. மற்றையது, அது ஒருபோதும் புறப்படாது எனப் பலர் கூறினர் என்பது. இத்தாமதத்துக்கும் இவ்வையத்துக்கும் இடையிலான தொடர்பு யாது, ஐயங்கொண்டோர் எந்த அளவுக்குச் சரியாகக் கணித்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமதம் தனியாருக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 1957 டிசெம்பர் 6இல் அமெரிக்க அரசின் வன்காட் ரொக்கற் தொலைக்காட்சிக் கமெராக்களின் முன்னிலையில் ஏறத்தாழ ஒரு மீற்றர் எழுந்து, மீண்டும் தளத்தில் வீழ்ந்து வெடித்தது. பத்திரிகைகள் ஸ்புட்னிக் என்ற பெயரைத் திரித்து அதனை எள்ளி நகையாடின. எழுபதுகளின் இறுதிக்குள் பறக்கும் என எதிர்பார்க்கப்பட்ட விண்ணோடம் 1981 ஏப்பிரல் 12இலேயே முதன்முறை பறந்தது. இதன் அடிப்படைக் காரணம் பௌதிகவியலில் உள்ளது. புவியைச் சுற்றும் ஒழுக்கை அடைய ஒரு பொருள் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகத்தைப் பெறவேண்டும். அதன்பொருட்டு ரொக்கற்றின் திணிவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளுக்கும் ஒட்சியேற்றிக்குமே ஒதுக்கப்படுகின்றது. எஞ்சும் சிறு பங்கினுள் தாங்கிகள், எஞ்சின்கள், வழிகாட்டும் கருவிகள், செய்மதி ஆகிய யாவும் அடங்கவேண்டும். ஆகவே பாலம் கட்டும் பொறியியலாளர் தாராளமாக விடும் பாதுகாப்பு எல்லையை ரொக்கற் பொறியியலாளர் விடமுடியாது. சுழியத்துக்குக் கீழ் 183 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ ஒட்சிசனை அடக்கியாளும் வால்வு ஒன்று உறைந்தாலும் ஏவுதல் நின்றுவிடும். வானிலை, ஏவுதளத்தைப் பகிர்ந்துகொள்ளும் பிறர், உரிய காலத்தில் வந்துசேராத செய்மதி என்பனவும் நாளைத் தள்ளிவைக்கும். அரசுக்கும் தனியாருக்கும் இவை பொதுவானவை. வேறுபாடு ஒன்றே. வன்காட் வெடித்ததால் அமெரிக்க அரசு மூடப்படவில்லை. கம்பனி ஒன்றுக்கோ ஒரு வெடிப்பே முடிவாகலாம்.

இதற்கு முதற் சான்று மேற்கு ஜேர்மனியில் கிடைக்கின்றது. 1975இல் லூட்ஸ் கைசர் என்பார் ஒற்ராக் என்ற கம்பனியை நிறுவினார். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற எளிய குழாய்களைக் கட்டாகச் சேர்த்து மலிவான ரொக்கற் அமைப்பது அவரது கருத்து. வால்வுகளை இயக்க மோட்டார் வாகனங்களின் கண்ணாடி துடைக்கும் மோட்டார்களே போதுமானவை எனக் கொள்ளப்பட்டது. கெனடி விண்வெளி நிலையத்தின் பணிப்பாளராக இருந்த கேட் டெபுஸ் இக்கம்பனியிற் பொறுப்பேற்றமை அதற்கு மதிப்பளித்தது. சயீர் நாட்டில் ஏறத்தாழ 100,000 சதுர கிலோமீற்றர் நிலம் அதற்குக் கிடைத்தது. 1977இலும் 1978இலும் அங்கு நடந்த முதலிரு பரீட்சைகள் வெற்றியளித்தன; 1978 யூனில் நடந்த மூன்றாவது தவறியது. ஆயின் கம்பனியைச் சாய்த்தது அத்தவறன்று. ஆபிரிக்காவின் நடுவே ஜேர்மனியர் இரகசியமாக ஆயுதம் ஆக்குகின்றனர் என்ற ஐயம் அரசியல் அழுத்தமாக வளர்ந்தது. 1979இல் சயீர் அரசு அவர்களை வெளியேறப் பணித்தது. பின்னர் லிபியாவில் தொடர்ந்த முயற்சியும் எண்பதுகளில் ஓய்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் ஹூஸ்ரன் நகரைச் சேர்ந்த கம்பனி ஒன்று பேர்ச்சரன் என்ற ரொக்கற்றை அமைத்தது. 1981 ஓகஸ்ற் 5இல், ரெக்சாஸ் கரையோரத்து மற்றகோடாத் தீவில் எஞ்சினைப் பரீட்சித்தவேளை அது தளத்திலேயே வெடித்துச் சிதறியது. சொந்த வடிவமைப்பைக் கைவிட்ட கம்பனி, அரசிடமிருந்து மினிற்மான் ஏவுகணையின் இரண்டாங்கட்ட மோட்டார் ஒன்றைப் பெற்றது. அதனைக் கொண்டு அமைந்த கொனெஸ்ரோகா 1 ரொக்கற் 1982 செப்ரெம்பர் 9இல் 300 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்து கடலில் வீழ்ந்தது. தனியார் பணத்தில் விண்வெளியை எட்டிய முதல் அமெரிக்க ரொக்கற் என அது போற்றப்பட்டது. எனினும் அதன் உயிர்நாடியான மோட்டார் அரசின் படைக்கலச் சாலைக்கு உரியது என்பதை மறத்தலாகாது. 1984இல் வணிக விண்வெளி ஏவுதல்களுக்கான சட்டம் நிறைவேறியது. 1986 ஜனவரியில் சலஞ்சர் ஓடம் அழிந்தபின், வணிகச் செய்மதிகளை இனி ஓடங்கள் ஏற்றா என ஜனாதிபதி ரேகன் அறிவித்தார். தனியாருக்குச் சந்தை திறந்தது.

திறந்த சந்தையிலும் வெற்றி எளிதில் வாய்க்கவில்லை. திண்ம எரிபொருளையும் திரவ ஒட்சிசனையும் இணைக்கும் கலப்பு மோட்டாரை அமெரிக்கன் ரொக்கற் கம்பனி உருவாக்கியது. 1989இல் அதன் நிறுவுநர் வாகன விபத்தில் மரணமானார். அவ்வாண்டு ஒக்ரோபர் 5இல் ஏவுதளத்தில் ஒட்சிசன் வால்வு முழுமையாகத் திறவாமையால் ரொக்கற் எழமாட்டாது எரிந்து சாய்ந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கம்பனி மறைந்தது. ரெக்சாசில் 1997இல் தோன்றிய பீல் கம்பனி பெரிய எஞ்சின் ஒன்றை வெற்றியாகப் பரீட்சித்த ஆண்டிலேயே, அதாவது 2000இல், அரசின் மானியம் பெறும் போட்டியாளரோடு போட்டியிட இயலாதெனக் கூறித் தன்னை மூடிக்கொண்டது. 1990 ஏப்பிரல் 5இல் விமானத்திலிருந்து ஏவப்பட்டு ஒழுக்கை அடைந்த பெகாசஸ் இக்காலத்தின் அரிய விதிவிலக்காகும்.

இத்தகைய வரலாற்றைக் கண்டவர் ஐயங்கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் இங்கு ஓர் உண்மையைக் கருதவேண்டும். கம்பனி அறிவிக்கும் ஏவுநாள் பொறியியற் கணிப்பு மட்டுமன்று. அது முதலீட்டாளருக்கு விடுக்கப்படும் அழைப்புமாகும். பத்தாண்டு கழித்து ஏவுவோம் என்பவருக்குப் பணம் கிடைப்பதரிது. இரண்டாண்டில் ஏவுவோம் என்று கூறியே பணம் திரட்டப்படுகின்றது; அப்பணத்தாலேயே பத்தாண்டுப் பணி தொடங்கப்படுகின்றது. இவ்வாறு தவறிய தவணை இம்முயற்சியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. பொதுமக்கள் அதனை வாக்குறுதியாகக் கேட்கின்றனர். தவறியதும் ஏமாற்று எனக் கொள்கின்றனர்.

2002இல் நிறுவப்பட்ட ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின் பல்கன் 1 இதனை நன்கு விளக்கும். முதலில் 2004ஐ அண்டிப் பறக்கும் எனப்பட்ட இந்த ரொக்கற் கலிபோர்ணியாவின் வன்டன்பேர்க் தளத்திற் காத்திருக்க நேர்ந்தமையால், பசிபிக் சமுத்திரத்தின் குவாஜலீன் பவளத்தீவுகளுள் ஒன்றான ஒமலெக்கிற்கு மாறியது. 2005இன் இறுதியில் இருமுறை நாள் குறித்து இருமுறை தவறியது. 2006 மார்ச் 24இல் புறப்பட்ட ரொக்கற் எரிபொருட் கசிவால் தீப்பற்றி ஒரு நிமிடத்துக்குள் வீழ்ந்தது. தொழில்நுட்பவியலாளரின் தவறு என முதலில் எண்ணப்பட்டது. தீவின் உப்புக்காற்றால் அரிக்கப்பட்ட ஓர் அலுமினியச் சுரையே காரணம் எனப் பின்னர் விசாரணையில் முடிவாயிற்று. 2007 மார்ச்சில் ஏவப்பட்ட இரண்டாவது விண்வெளியை எட்டியும் ஒழுக்கை அடையவில்லை. 2008 ஓகஸ்ற் 3இல் மூன்றாவதின் முதற்கட்டம், பிரிந்தபின்னும் எஞ்சியிருந்த சிறு உந்துதலால் இரண்டாங்கட்டத்தின் மீது மோதியது. எஞ்சினை நிறுத்துவதற்கும் கட்டங்களைப் பிரிப்பதற்கும் இடையே சில செக்கன்களைக் கூட்டுவதே அதற்கான திருத்தம். எட்டு வாரங்களில், செப்ரெம்பர் 28இல், நான்காவது ஒழுக்கை அடைந்தது. அதுவும் தவறியிருப்பின் கம்பனி நிலைத்திராது என நிறுவுநர் ஈலோன் மஸ்க் பின்னர் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசெம்பரில் நாசா 160 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தை அக்கம்பனிக்கு வழங்கியது.

இவ்வெற்றியிலிருந்து, ஐயங்கொண்டோர் அனைவரும் குறுகிய நோக்கினர் என முடிவு செய்தல் எளிது. அது தவறான முடிவாகும். 2006 ஓகஸ்ற்றில் விண்வெளி நிலையத்துக்குப் பொருள் ஏற்றும் பணிக்காக நாசா இரு கம்பனிகளைத் தெரிந்தெடுத்தது. ஒன்று ஸ்பேஸ்எக்ஸ், மற்றையது கிஸ்லர். பின்னையதன் ரொக்கற், அப்பலோ திட்டத்தை நடத்தியவருள் முதன்மையான ஜோர்ஜ் மியூலரின் தலைமையில் பல்லாண்டு வடிவமைக்கப்பட்டது. முன்னையதன் ஒரே ரொக்கற்றோ சில மாதங்களுக்கு முன்னரே கடலில் வீழ்ந்திருந்தது. அன்று நிதானமாக எடைபோட்டவர் கிஸ்லரையே நம்பியிருக்கலாம். ஆயின் தனியார் நிதி திரட்ட இயலாமையால் 2007இல் அதன் உடன்படிக்கை நீக்கப்பட்டது. அதன் ரொக்கற் ஒருமுறையும் பறக்கவில்லை. அறிவும் உழைப்பும் இரு சாராரிடமும் இருந்தன. அடுத்த தவறுக்கும் பணம் எஞ்சியிருந்ததா என்பதே அவர்களைப் பிரித்தது.

ஆகவே ஐயத்தை இரண்டாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். நாளைப் பற்றிய ஐயம் ஒன்று. ஆற்றலைப் பற்றிய ஐயம் மற்றொன்று. 2011இல் அறிவிக்கப்பட்டு 2013இல் பறக்கும் எனப்பட்ட பல்கன் ஹெவி 2018 பெப்ரவரி 6இலேயே பறந்தது. நாளை ஐயுற்றவர் ஐந்தாண்டுகள் சரியாக இருந்தனர். அது பறக்கவே பறக்காது என்றவர் பிழைத்தனர். 2010இல் சந்திரனில் நடந்த ஆம்ஸ்ரோங்கும் சேர்னனும் அமெரிக்கக் காங்கிரசின் முன் தோன்றி, மனிதரை ஏற்றும் பணியைத் தனியாரிடம் விடுவது குறித்துக் கவலை வெளியிட்டனர். பத்தாண்டின் பின், 2020 மே மாதத்தில், தனியார் கலம் ஒன்று இரு விண்வெளி வீரரை நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது. எனினும் அக்கவலை வீணானதெனக் கூறுதல் முறையன்று. மனித உயிர் சார்ந்த பணியில் வல்லுநரின் ஐயமும் பரீட்சைகளைக் கடுமையாக்கும் ஒரு கருவியாகும்.

வென்றவரின் தாமதத்தை விடாமுயற்சி என்றும், தோற்றவரின் தாமதத்தை வீண்பேச்சு என்றும் எழுதுவது பின்வந்தோரின் வழக்கம். ஒமலெக்கில் சில செக்கன்கள் கூட்டப்படாதிருப்பின், பல்கன் 1 இன்று ஒற்ராக்குடனும் பேர்ச்சரனுடனும் ஒரே பந்தியில் அடங்கியிருக்கும். தோல்வியுற்ற கம்பனிகளின் ஆவணங்களையும் வென்றவற்றின் ஆவணங்களையும் ஒரே அளவுகோலால் ஆராய்தல் இத்துறை வரலாற்றாசிரியரின் கடமையாகும். தவறிய தவணை ஒவ்வொன்றின் பின்னும் எது கற்கப்பட்டது, கற்றதைப் பயன்படுத்த மற்றொரு வாய்ப்புக் கிடைத்ததா என்ற வினாக்களுக்கு விடை காணும்போதே அவ்வளவுகோல் கிடைக்கும்.