இலைக்கு நட்ட மரம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முசுக்கட்டை மரம் இருக்கிறது. முசுக்கட்டை என்று சொன்னால் இப்போது யாருக்கும் விளங்குவதில்லை. கம்பளிச்செடி என்றால் வயதானவர்கள் சிலர் தலையாட்டுவார்கள். மல்பெரி என்றால்தான், "ஓகோ, பட்டுப்பூச்சிச் செடியா!" என்று முகம் மலரும். ஆகவே நானும் மல்பெரி என்றே எழுதிவிடுகிறேன்.

ஓசூர்ப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் நண்பர் ஒருவர், எட்டு வருஷங்களுக்கு முன் நாலு போத்துக்களை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். மூன்று பட்டுப்போயின. பட்டுக்காகப் பிறந்த செடி பட்டுப்போவது பொருத்தந்தானே என்று ஓர் அசட்டுச் சிலேடை பேசி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிழைத்த ஒன்றுதான் இன்று மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. வம்பே அதனால்தான் வந்தது.

"தம்பி, உங்க மரம் எங்க வேட்டியெல்லாம் ரத்தக்களரி ஆக்கிடுச்சு. வெட்டிடுங்களேன்" என்றார் அடுத்த வீட்டு அம்மாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். மிகவும் தணிந்த குரலில் சொன்னார். கொடியில் உலர்ந்த நாலு வெள்ளை வேட்டிகளிலும் கருஞ்சிவப்புக் கறை. போதாக்குறைக்கு, பழத்துக்காக மதிலேறிய தெருப் பையன் ஒருவன் போன கோடையில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். "அந்தம்மா சொல்றது நியாயந்தானேங்க?" என்று என் மனைவியும் கட்சி மாறிவிட்டாள்.

ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் எழுத்தாளன் என்ன செய்வான்? அரிவாளைத் தீட்ட மாட்டான், புத்தகங்களைப் புரட்டுவான். நானும் அதைத்தான் செய்தேன்.

மல்பெரியில் முக்கியமாக இரண்டு ஜாதி. வெள்ளை மல்பெரி சீன தேசத்தது. பட்டுப்புழு அதன் இலையைத் தின்றுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உலகத்துக்குப் பட்டு கொடுத்து வருகிறது. கறுப்பு மல்பெரி மேற்கு ஆசியாவைச் சேர்ந்தது. பழம் அமிர்தம், ஆனால் இலை சொரசொரப்பு. வெள்ளையை இலைக்கு நடுவார்கள், கறுப்பைப் பழத்துக்கு நடுவார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு ராஜாவின் ஆசையே கவிழ்ந்துபோயிற்று.

1603-ல் இங்கிலாந்தின் சிம்மாசனம் ஏறிய முதலாம் ஜேம்ஸ், புகையிலையைக் கண்டால் சீறுகிறவர். 1604-ல் அதைத் திட்டித் தம் கையாலேயே ஒரு சிறு நூல் எழுதினார். பட்டு என்றாலோ அவருக்கு உயிர். அடுத்த ராஜ்யமான பிரான்சில் நான்காம் ஹென்றி அரண்மனைத் தோட்டத்திலேயே மல்பெரி நட்டுப் பட்டுக்கு வழி செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தபிறகு நம்மவருக்குத் தூக்கம் வருமா? 1608, 1609-ஆம் ஆண்டுகளில் ஜில்லா அதிகாரிகளுக்குத் தாக்கீது பறந்தது. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் 10,000 மல்பெரிக் கன்றுகள் வரும். வசதியுள்ளவர்கள் வாங்கி நட வேண்டும். கன்று ஒன்று முக்கால் பென்னி. நூறாக வாங்கினால் 6 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு வாங்குகிறவருக்கு 3 பென்ஸ் லாபம். ராஜாவானாலும் வியாபாரத்தின் சூட்சுமம் தெரிந்தவர்தான்.

வெஸ்ட்மின்ஸ்டரில், பிற்காலத்தில் பக்கிங்ஹாம் அரண்மனை எழும்பிய இடத்தை ஒட்டி, நாலு ஏக்கரில் அரசரே சுவர் எழுப்பி ஒரு மல்பெரித் தோட்டம் போட்டார். ஓட்லண்ட்ஸ் அரண்மனையில் ராணிக்காகப் பட்டுப்புழு வளர்க்கவென்றே ஒரு கட்டடம் எழுந்தது. அதைக் கட்டியவர் இனிகோ ஜோன்ஸ் என்ற பெரிய சிற்பி. கடல் கடந்த வர்ஜீனியாவையும் விடவில்லை. 1619-ல் அங்கே கூடிய சபை, குடியேறியவர் ஒவ்வொருவரும் ஏழு வருஷங்களுக்கு வருஷம் ஆறு மல்பெரி வீதம் நட வேண்டுமென்று சட்டம் போட்டது. ஜனங்களோ புகையிலையைத்தான் நட்டார்கள். ஜேம்ஸின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள்!

இங்கிலாந்தில் நடப்பட்டவற்றில் பெரும்பாலானவை கறுப்பு மல்பெரி. பிரெஞ்சுக்காரர்கள் தவறான கன்றைத் தலையில் கட்டி ராஜாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. கறுப்பு மல்பெரி ரோமானியர் காலத்திலிருந்தே அந்த மண்ணுக்குப் பழகிய மரம், குளிரைத் தாங்கும். பட்டுப்புழுவும் அதன் இலையைத் தின்னாமல் இருப்பதில்லை. ஆனால் நூல் முரடாக வரும். அதோடு, கறுப்பு மல்பெரி மகா நிதானமான மரம். பனிக்காலம் அடியோடு போன பிறகுதான் துளிர்க்கும். மரங்களிலெல்லாம் மகா புத்திசாலி இதுதான் என்று ரோம தேசத்துப் பிளினி இதற்காகவே மெச்சினார். மரத்தின் புத்திசாலித்தனம் புழுவுக்கு எமன். முட்டை முன்னதாகப் பொரிந்துவிட்டால் புழு எதைத் தின்னும்? குளிரும் ஈரமும் வேறு. பட்டு வந்தது, தொழிலாக நிலைக்கவில்லை.

மரங்கள் மட்டும் நின்றன.

கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அதன் பழைய கணக்கில் 300 மல்பெரிக் கன்றுகள் வாங்கியதற்கு 18 ஷில்லிங் பற்று எழுதியிருக்கிறது. நூறு 6 ஷில்லிங் என்ற ராஜாவின் விலை சரியாக இருக்கிறதல்லவா? அந்த வருஷத்தையொட்டித்தான் மில்டன் பிறந்தார். 1625-ல் அதே கல்லூரிக்கு மாணவராக வந்தார். முந்நூறில் மிஞ்சிய ஒரு கிழ மரத்துக்கு இன்று மில்டன் மரம் என்று பெயர். ராஜாவின் பட்டு மரம் கவியின் மரமாகிவிட்டது!

அரசரின் நாலு ஏக்கர் தோட்டத்தின் கதையும் அப்படித்தான். ஐம்பது வருஷத்துக்குள் அது உல்லாசத் தோட்டமாக மாறி, பட்டணத்து ஆண்களும் பெண்களும் சாயங்காலத்தில் உலாவித் தின்பண்டம் தின்னும் இடமாகிவிட்டது. 1668-ல் அங்கே போன நாட்குறிப்பு மன்னர் பீப்ஸுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அதே வருஷம் செட்லி என்பவர் அந்தத் தோட்டத்தின் பெயரையே வைத்து ஒரு நாடகம் எழுதினார்.

ஏன் இலை தோற்று, பழம் ஜெயித்தது? யோசித்துப் பார்த்தால், பழம் ஜெயித்ததும் ஒரு குறையினால்தான். நன்றாகக் கனிந்த மல்பெரியைக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. விரல் பட்டாலே சாறு கசியும், கூடையில் போட்டால் அடியிலுள்ளது கூழாகும், மறுநாள் புளித்துவிடும். ஒவ்வொரு பழமும் உண்மையில் ஒரு பழமல்ல. நெருக்கியடித்துப் பூத்த ஒரு பூங்கொத்து முழுவதும் கனிந்து ஒட்டிக்கொண்ட கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தோல் என்று ஒரு காவல் கிடையாது. ஆகவே வியாபாரி இதைச் சீந்தவில்லை. தின்ன வேண்டுமானால் மரத்தடிக்குத்தான் போக வேண்டும். மரம் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய மாளிகைகளிலும் பாதிரிமார் வீடுகளிலும் இந்த மரம் கொல்லையை விட்டுப் போகாததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கொல்லை மரத்துக்கும் கண்டம் வரும். ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் 1597-ல் ஒரு பெரிய வீடு வாங்கினார். அங்கே அவர் தம் கையாலேயே 1609-ல் ஒரு மல்பெரி நட்டதாக ஊர்ப் பேச்சு. ராஜாவின் தாக்கீது வந்த காலத்துக்கு அது ஒத்துத்தான் போகிறது. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீடு காஸ்ட்ரல் என்ற பாதிரியாரின் கைக்கு வந்தது. மரத்தைப் பார்க்க யார் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். பாதிரியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 1750-களில் ஒருநாள் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார். ஊரார் கொதித்தெழுந்து அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். 1759-ல், வரித் தகராறில், வீட்டையும் இடித்துத் தள்ளிவிட்டு அவர் ஊரை விட்டே போனார்.

வெட்டிய கட்டையை வாங்கியவர் தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரக்காரர். பெட்டி, கிண்ணம், பொம்மை என்று செதுக்கிச் செதுக்கி விற்றார். 1769-ல் காரிக் என்ற நடிகர் ஸ்ட்ராட்போர்டில் ஷேக்ஸ்பியர் விழா எடுத்தபோது, அந்த மரத்தில் செய்த பேழையில்தான் ஊரார் அவருக்குக் கௌரவப் பத்திரம் கொடுத்தார்கள். ஒரு மரத்தில் இத்தனை சாமானா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1799-ல், சாகுந்தறுவாயில், வேறு எந்த மரத்தையும் தாம் கலக்கவில்லையென்று ஷார்ப் சத்தியப் பிரமாணம் எழுதி வைத்தார். மனிதர் பாவம், உண்மையே சொல்லியிருக்கலாம். ஆனாலும் நம்மூர்ச் சந்தனக்கட்டை வியாபாரம் நினைவுக்கு வராமலில்லை.

வெட்டிய பாதிரியாரை எல்லாரும் ஏசுகிறார்கள். எனக்கு அந்த வாரத்தில் அவரிடம் கொஞ்சம் அநுதாபம்கூடப் பிறந்தது. வேட்டியில் கறை பட்டுக்கொண்டவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டல்லவா?

தவணை முடிகிற அன்று ஓசூர் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். ஓசூர், தாளவாடிப் பக்கத்துக்கெல்லாம் பட்டு, பக்கத்து மைசூர்ச் சீமையிலிருந்து வந்த தொழில். அங்கே திப்பு சுல்தான் 1780-களில் வங்காளத்திலிருந்து புழு வரவழைத்து ஆரம்பித்து வைத்தது. ஜேம்ஸுக்குக் கிட்டாதது திப்புவின் மண்ணுக்குக் கிட்டியது. வருஷமெல்லாம் துளிர்க்கும் இலை, உறையாத குளிர். ஆனால் அங்கே பழத்துக்கு மதிப்பில்லை. கனியும்வரை காத்திருந்தால் இலை முற்றிவிடும்.

"வெட்டுங்க சார். முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்க. நாங்க வருஷத்துக்கு அஞ்சு தடவை வெட்டறோம். வெட்டினாத்தான் அதுக்குப் பிடிக்கும்" என்றார் நண்பர்.

முழங்கால் உயரத்துக்கு எனக்கு மனம் வரவில்லை. இடுப்பு உயரத்தில் கவாத்துச் செய்தேன். அடுத்த வீட்டு அம்மாள் மதிலுக்கு அப்பால் நின்று திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் கட்டையெல்லாம் துளிர். புதுக் கிளையின் ஒவ்வொரு இலைக்கணுவிலும் பச்சையாக ஒரு சின்னப் பழம். அது சிவந்து, கறுத்து, தொட்டால் கையோடு வரும் பதத்துக்கு வந்தபோது, என் மகள் ஒரு கிண்ணம் நிறையப் பறித்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்து, கேளாமலே, அதே கிண்ணம் மதிலின் மேல் காலியாக வந்து உட்கார்ந்தது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு காய்ப்புக்குப் பிறகும் கவாத்து உண்டு. மரம் மதிலைத் தாண்டுவதில்லை. பையன்கள் ஏறுவதில்லை, வாசல் வழியாகவே வருகிறார்கள். பழைய பாயை விரித்துக் கிளையை உலுக்குவோம். விரல் கறையைப் பச்சைக் காயால் தேய்த்துக் கழுவுவோம். அந்த அம்மாள் மட்டும் வேட்டிக் கொடியை மதிலோரத்திலிருந்து மாற்றிக் கட்டிவிட்டார். இன்னும் திரும்ப மாற்றவில்லை.