வேகா கொணர்ந்த விருந்து



மார்கழி பிறந்ததும் நம் கடைவீதிகளில் ஒளி பெருகுகின்றது. நத்தார், புத்தாண்டு, தைப்பொங்கல் எனத் திருநாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புத்தாடைக்கு எவ்வளவு, பலகாரத்துக்கு எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்க்கும் காலம் இது. இந்தப் பருவத்திலே, ஒரு சவர்க்காரக் கட்டியையும் ஒரு பிடி தேயிலையையும் பெருஞ்செல்வமாகக் கருதி மனம் நெகிழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைத் தங்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலிலே, பிரான்சின் கரையை அண்டிக் கிடப்பவை கால்வாய்த் தீவுகள். அவற்றுட் பெரியவை ஜேர்சி, கேர்ன்சி என்னும் இரண்டு. அவை பிரித்தானிய முடிக்கு உரியவை. 1940 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே பிரான்சு வீழ்ந்தபோது, இத்தீவுகளைக் காத்தல் இயலாது என்று கண்ட பிரித்தானியா தன் படைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஜூன் 30 ஆம் நாள் ஜேர்மனியர் கேர்ன்சியில் இறங்கினர். மறுநாள் ஜேர்சியும் அவர்கள் கைக்குள்ளாயிற்று.

அதற்குச் சில நாட்களின் முன்னரே கேர்ன்சித் தீவின் பாடசாலைப் பிள்ளைகளிற் பெரும்பாலோர், தம் ஆசிரியர்களுடன் கப்பலேறி இங்கிலாந்து சென்றுவிட்டனர். பெற்றோர் பலர் தீவிலேயே தங்கினர். அதன்பின் இரு சாராருக்கும் இடையே நடமாடியது செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித்தாள் ஒன்றே. அதில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுத இடமில்லை. அதுவும் கைக்கு எட்டப் பல மாதங்கள் சென்றன. பிள்ளை வளர்ந்ததையும், பல் விழுந்ததையும், வகுப்பேறியதையும் தாய் ஒருத்தி இருபத்தைந்து சொற்களில் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் நடுவே வாழும் ஆசிரியனாகிய எனக்கு, அந்தச் சிறு தாளின் பெறுமதி நன்கு விளங்குகின்றது.

1942 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தீவு மக்களின் வானொலிப் பெட்டிகள் யாவும் பறிக்கப்பட்டன. ஆயினும் மக்கள் சோர்ந்துவிடவில்லை. சிறு படிகத் துண்டு, கம்பிச் சுருள், தொலைபேசியிலிருந்து கழற்றிய செவிக் குமிழ் ஆகியவற்றைக்கொண்டு, மின்சாரமே வேண்டாத வானொலிக் கருவிகளை மறைவிற் செய்தனர். பிடிபட்டால் சிறை என்று அறிந்தும், காதோடு காதாகச் செய்தி கேட்டனர். விசையைத் திருப்பியதும் குரல் கேட்கும் இந்நாளிலே, அது எத்துணைப் பேறு என்பதை நாம் நினைப்பதில்லை.

1944 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கின. விடுதலை அணித்தே என்று தீவு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் போர்முனை அவர்களைக் கடந்து போயிற்று. ஆகஸ்டு மாதத்திற் செயின்ற் மாலோத் துறைமுகம் வீழ்ந்ததும், பிரான்சிலிருந்து வந்த உணவு அடியோடு நின்றது. தீவுகளைப் பிடித்திருந்த ஜேர்மன் படையும், அப்படைக்குக் கீழ்ப்பட்டிருந்த மக்களும் ஒருங்கே முற்றுகைக்குள் அகப்பட்டனர்.

தேயிலை இல்லை, முட்செடியின் இலையை உலர்த்திக் கொதிக்க வைத்தனர். கோப்பி இல்லை, ஓக்கு மரத்தின் கொட்டையை வறுத்து இடித்தனர். சீனி இல்லை, இனிப்புக் கிழங்கைக் காய்ச்சிப் பாகெடுத்தனர். உப்புக்காகக் கடல்நீரை மொண்டு வந்தனர். விறகும் அருகியது, விளக்கும் அணைந்தது.

பிரித்தானிய அரசு முதலில் உணவு அனுப்பத் தயங்கியது. பிடித்த நாட்டு மக்களுக்கு உணவளித்தல் பிடித்தவன் கடமை என்பதும், அனுப்பும் உணவு பகைவன் படையை நிலைநிறுத்தும் என்பதும் அதன் வாதங்கள். ஈற்றில் நவம்பர் மாதத்தில் அது இசைந்தது. டிசம்பர் 20 ஆம் நாள் சுவீடன் நாட்டுக் கப்பலாகிய வேகா, செஞ்சிலுவைக் கொடியுடன் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டது.

தீவுகளில் நத்தார் வெறுமையாகவே கழிந்தது. டிசம்பர் 27 ஆம் நாள் வேகா கேர்ன்சித் துறையை அடைந்தது. 30 ஆம் நாள் ஜேர்சியை அடைந்தது. அது கொணர்ந்த உணவுப் பெட்டிகள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றோடு நோயாளருக்கான உணவும், உப்பும், சவர்க்காரமும், மருந்தும், பிள்ளைகளுக்கான ஆடைகளும் வந்தன.

பெட்டி ஒன்று ஏறக்குறைய 11 இறாத்தல் நிறையுடையது. கனடாவிலும் நியூசிலாந்திலும் கட்டப்பட்டவை அவை. கனடாப் பெட்டியினுள்ளே பால்மாப் பேணி, வெண்ணெய், மீன், இறைச்சி, உலர்ந்த பழம், சீனி, தேயிலை, சொக்கலேற்று, சிறிதளவு உப்பும் மிளகும், ஒரு சவர்க்காரத் துண்டு ஆகியன இருந்தன. நம் வீட்டு அடுக்களைத் தட்டிலே இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதுமில்லை. ஆங்கே ஒவ்வொன்றும் ஒரு திருநாளாயிற்று. பொருள் மாறவில்லை, நேயர்களே. அதைக் கண்ட கண்ணே மாறியிருந்தது.

துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. பெப்ரவரியிலே கேர்ன்சியில் மாவு தீர்ந்து, சில கிழமைகள் பாணே இல்லாது போயிற்று. மார்ச்சு மாதத்தில் வேகா மீண்டும் வந்து மாவை இறக்கியது. வெள்ளைப் பாணை மக்கள் அன்று பணிகாரம்போல உண்டனர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அப்பெட்டிகள் மக்களுக்கே உரியவை. அதே தீவிலே ஜேர்மன் படைவீரரும் காஞ்சொறி இலையை அவித்துண்ணும் நிலைக்குத் தாழ்ந்திருந்தனர். படைக்கலம் அவர்கள் கையில் இருந்தது. உணவு மக்கள் கையில் இருந்தது. சிற்சில களவுகள் நிகழ்ந்தன எனினும், பெட்டிகள் பெரும்பாலும் உரியவரையே சென்றடைந்தன. பசித்தவன் முன்னே ஒரு வாக்குறுதி நின்று காத்தது என்பதும் நன்றிக்குரிய செய்தியே.

1945 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் நாள் கேர்ன்சியும் ஜேர்சியும் விடுதலை பெற்றன. ஆண்டுதோறும் அந்நாளை அங்குள்ளோர் கொண்டாடுகின்றனர். பெட்டி கட்டிய கனடாப் பெண்ணின் முகத்தையோ நியூசிலாந்துப் பெண்ணின் பெயரையோ அவர்கள் அறியார். எனினும் தம்மிடம் இருந்த பணத்தைத் திரட்டிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பினர். முகம் அறியாதவர் செய்த உதவிக்கு, முகம் அறியாத இன்னொருவர் பசி தீரக் கைம்மாறு செய்தனர்.

இக்கதை நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 1990 களிலே வடபகுதியில் வாழ்ந்தோர், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கை மறந்திருக்க மாட்டார்கள். சவர்க்காரம் அரிதான அந்நாளிலே பனங்காயைப் பிழிந்து துணி வெளுத்தோம். சைக்கிள் சில்லைச் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் மிதிக்க, அயலவர் எல்லோரும் சூழ்ந்திருந்து செவிமடுத்த அந்த மாலைகளில், அடியேனும் ஓர் இளைஞனாக இருந்தேன். மிதிப்பவர் களைத்தால் குரல் மங்கும். உடனே வேறொருவர் ஏறி அமர்வார்.

செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். நன்றி என்பது வாயாற் கூறும் உபசாரமன்று. அது ஒரு ஞாபகம். இல்லாத நாளை மறவாதவனே உள்ள நாளை மதிப்பான்; இல்லாதவனையும் அவனே நினைப்பான்.

இத்திருநாட் காலத்தில் விளக்கின் விசையைத் தட்டும்போதும், தேநீரிற் சீனி இடும்போதும், ஒரு கணம் நின்று நினைப்போம். பின்னர், நம் தெருவில் எவர் வீட்டு அடுப்பு இன்னும் மூளவில்லை என்பதையும் பார்ப்போம். நமக்காக எங்கோ ஒருவர் பெட்டி கட்டினார். நாமும் ஒரு பெட்டி கட்டுவோம்.