அப்பா ஸ்கோப்பில்... மகன் அல்ட்ராவைடில்!

திருவக்கரை கல்மரப் பூங்காவில் போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய இம்சை. மரம் என்றால் நிற்கவேண்டும் அல்லவா? இங்கே எல்லாமே படுத்துக் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி வருஷங்களுக்கு முன்னால் வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன மரங்கள். வழியிலேயே கிளை போச்சு, வேர் போச்சு, பட்டையும் போச்சு. மிச்சமான அடிமரம் மணலில் புதைந்து மெள்ள மெள்ளக் கல்லாகிவிட்டது. 1781-லேயே சொன்னரா என்கிற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் வந்து பார்த்திருக்கிறார். அவருக்கு கேமரா தொல்லை இல்லை. எனக்கு இருந்தது. நீளமான ஒரு மரம் முழுசாகப் படத்துக்குள் வரட்டும் என்று பின்னாலேயே நகர்ந்தேன். மரம் பென்சில் சைஸுக்கு இளைத்துவிட்டது. மேலே பாதி வானம், கீழே பாதி செம்மண்.

கூட வந்த அக்கா பையன் சிரித்தான். ‘‘மாமா, இதுக்கெல்லாம் அல்ட்ராவைடுதான் சரி. வீட்டுக்கு வாங்க, காட்டறேன்.’’

திண்டிவனத்தில் அவன் அறையில் 34 இன்ச் மானிட்டர் ஒன்று மேஜையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆபீஸ் வேலைக்கு என்று அம்மாவிடம் சொல்லி வாங்கியது. ஓடுவது என்னவோ கேம்.

அதற்கு முன் திருவக்கரையிலேயே இன்னொரு இடம் பாக்கி இருக்கிறது. வக்கிரகாளி இருக்கும் சந்திரமௌலீஸ்வரர் கோயில். அங்கே செம்பியன் மாதேவி ராஜராஜனின் 16-வது ஆட்சியாண்டில், அதாவது 1001-ல், சிவலோகமுடைய பரமசுவாமிக்குக் கற்றளி எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இந்த அம்மாள் கண்டராதித்தரின் மனைவி, ராஜராஜனுக்குப் பெரிய பாட்டி முறை. அந்தப் பேரனைத்தான் தமிழ் சினிமா முதன்முதலாக அகலத் திரையில் ஏற்றியது. 1973 மார்ச் 31-ல் வெளிவந்த ‘ராஜ ராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஏ.பி.நாகராஜன் இயக்கம், சிவாஜி ராஜராஜன்.

அகலத் திரைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்துவிட்டது. தியேட்டருக்கு ஆள் வரவில்லை. டி.வி-யும் சினிமாவும் ஒரே வடிவம். அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூணு பங்கு. ‘வீட்டில் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டினால்தான் டிக்கெட் விற்கும்’ என்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் யோசித்தது. ஹென்றி கிரேத்தியான் என்ற பிரெஞ்சுக்காரர் 1920-களிலேயே செய்து வைத்திருந்த லென்ஸைத் தூசு தட்டி எடுத்தார்கள். அது அகலமான காட்சியை நெருக்கிப் பிடித்து சாதாரண ஃபிலிமில் அடைக்கும். தியேட்டர் புரொஜக்டரில் இன்னொரு லென்ஸ் அதைப் பழையபடி விரித்துவிடும். விரிக்கிற லென்ஸை மாட்ட மறந்தால் கதாநாயகன் ஒட்டடைக் குச்சியாகத் தெரிவார்! 1953-ல் ‘தி ரோப்’ வந்தது. இந்தியாவில் குருதத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ 1959-ல். நமக்கு இன்னும் 14 வருஷம் பிடித்தது.

‘ராஜ ராஜ சோழன்’ அந்த அகலத்தை எப்படிப் பயன்படுத்தியது? உண்மையைச் சொன்னால், நாடக மேடை மாதிரி. அரு.ராமநாதனின் நாடகம்தானே அது. நடுவில் அரியணை, இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள், வசனம். ஆனாலும் தர்பார் என்பதே அகலமான சமாச்சாரம். ஓரத்தில் நிற்பவர் முகம் சுளிப்பதையும் பார்க்க முடிகிறதே, அதற்காகவாவது ஸ்கோப் வேண்டும்.

கம்ப்யூட்டர் மானிட்டர் இதே பாதையைத் திரும்ப நடந்தது. 1999-ல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வந்தபோது பிரவுசிங் சென்டர்களில் இருந்ததெல்லாம் நாலுக்கு மூணு டப்பா மானிட்டர்தான். பிறகு 16:9. 2009-ல் பிலிப்ஸ், சினிமா ரசிகர்களுக்கென்றே 21:9 டி.வி. ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிதாகப் போணியாகவில்லை, சில வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். ஆனால், அதே வடிவம் மானிட்டராக வந்து நிலைத்தது. 3440-க்கு 1440 என்கிற புள்ளிக் கணக்கை வகுத்துப் பாருங்கள்... ஏறத்தாழ சினிமாஸ்கோப்! சினிமாவுக்குச் செய்த அளவு கேம்காரர்களுக்கு வாய்த்துவிட்டது.

அகலம் கூடினால் என்ன லாபம்? வழக்கமான மானிட்டரில் பக்கவாட்டில் 90 டிகிரி தெரிகிறது என்று வையுங்கள். அதே உயரத்தில் அல்ட்ராவைடில் 106 டிகிரி தாண்டித் தெரியும். சினிமாவில் ஓரத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதை டைரக்டர் முடிவு செய்கிறார். கேமில் ஓரத்தில் இருந்துதான் ஆபத்து வருகிறது. ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’-ல் லாரி ஓட்டும்போது தலையைத் திருப்பாமலே பக்கக் கண்ணாடி தெரிகிறது. திருவக்கரை ரோட்டில் ஜல்லி டிப்பருக்கு ஒதுங்கி நின்றவர்களுக்கு அதன் அருமை புரியும். விமானம் ஓட்டும் ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்’ இன்னும் விசேஷம். நிஜ சாட்டிலைட் படங்களை வைத்து உலகத்தையே கட்டியிருக்கிறார்கள்.

தண்டமும் உண்டு. வழக்கமான 2560-க்கு 1440 மானிட்டரைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகப் புள்ளிகளைக் கம்ப்யூட்டர் வரைந்தாகவேண்டும். ஓரத்தில் நிற்கிற ஆள் குண்டாக இழுபட்டுத் தெரிவார்.

இங்கேதான் ஒரு நியாயப் பிரச்னை வருகிறது. காசு உள்ளவனுக்கு எதிரி முன்னாடியே தெரிந்தால் அது போட்டியா? ‘வாலரன்ட்’ கறாராக 16:9-க்கு மேல் காட்டாது. மிச்ச இடத்தில் கறுப்புப் பட்டை. 2016-ல் வந்த ‘ஓவர்வாட்ச்’ செய்தது வேடிக்கை. அகல மானிட்டர்காரருக்குப் பக்கத்தில் கூட்டாமல் மேலேயும் கீழேயும் வெட்டியது! காசு கொடுத்து அதிகம் வாங்கியவருக்குக் குறைவாகத் தெரிந்தது. முழு அகலம் கிடைத்தது 2022-ல், இரண்டாம் பாகத்தில்தான். ஆட்டக்காரர்களுக்குள் போட்டி என்றால் இந்தக் கட்டுப்பாட்டை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் ‘எல்டன் ரிங்’? பெரும்பாலும் தனியாக அலைந்து திரிகிற ஆட்டம். கம்ப்யூட்டர் முழு அகலத்தையும் வரைந்துவிடுகிறது, அதன்மேல் கறுப்புப் பட்டை போட்டு மூடுகிறார்கள். சமைத்த சோற்றைத் தட்டு போட்டு மறைக்கிற கதை. ரசிகர்களே சின்ன புரோகிராம் எழுதித் தட்டை நகர்த்திவிட்டார்கள்.

அக்கா பையன் அன்று எனக்குக் காட்டியது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-வின் புது வடிவம். 2019-ல் மெருகேற்றி வெளியிட்டார்கள், அல்ட்ராவைடு உண்டு. 2022 ஏப்ரலில் வந்த இந்திய அரசர்கள் பாகத்தில் திராவிடர்கள் தனிப் படையாக வருகிறார்கள். நாயகன் ராஜேந்திரன். வீரனைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான்! கப்பலுக்குப் பெயர் திரிசடை. ராஜேந்திரனின் 1025 ஸ்ரீவிஜயப் படையெடுப்பை நினைத்துக்கொண்டு பார்த்தேன். கடல் அகலமான சமாச்சாரம் அல்லவா? இடது ஓரத்தில் நம் துறைமுகம், வலது ஓரத்தில் எதிரிக் கரை, நடுவே வரிசையாகத் திரிசடைகள். பழைய டப்பா மானிட்டரில் இதில் பாதிதான் தெரிந்திருக்கும்.

அப்பா ஸ்கோப்பில், மகன் அல்ட்ராவைடில். எனக்கு ஒரு ஆசை வந்தது.

‘‘டேய், சிவாஜி படத்தை இதுல போடு. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி உட்காரும்.’’

தேடினான். கிடைத்தது டி.வி-க்காக மாற்றிய ஒரு பழைய காப்பி. நாலுக்கு மூணு டப்பாவுக்குப் பொருந்தவேண்டும் என்று யாரோ இரண்டு பக்கத்தையும் கத்தரித்திருந்தார்கள். அந்த அகன்ற மானிட்டரின் நட்டநடுவில் சின்னதாக ஒரு சதுரம், இரண்டு புறமும் கறுப்பு. சபையில் யாரோ மன்னரிடம் பேசுகிறார். குரல் மட்டும் கேட்கிறது. ஆள் வெட்டுப்பட்ட பக்கத்தில் நிற்கிறார் போல.

‘‘அந்தப் பக்கத்துல யாரு மாமா?’’ என்றான் பையன்.

அவன் பார்க்காத பாதியை ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். எனக்கும் சரியாக வரவில்லை.