திராட்சைத் தோட்டக் கூலியும் தீப்பெட்டிக் கூலியும்

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையில் நம் ஆண்டவர் காட்டும் சந்தைவெளி, உழைப்பு விலைபேசப்படும் சந்தையே. வேலை கேட்டு நிற்போர் அங்கே உண்டு. கூலி பேசுவோர் உண்டு. மாலைவரை அழைப்பாரின்றி நின்றோரும் உண்டு. பேசிய கூலி ஒரு தெனாரியம்; ஒரு குடும்பம் ஒரு நாளைக் கழிக்கப் போதுமானது. பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளைகள் அங்கு நின்றதாக உவமை கூறவில்லை. நம் கரிசல் பூமியின் வரலாறோ வேறு.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த பூமிக்கு அது புதுவாழ்வு. 1940களில் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. அம்முயற்சி நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிறுமியரே மிகுதி. விடியுமுன் ஊர்களுக்கு வந்த வண்டிகள், தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு ஏற்றிச் சென்றதை முதியோர் இன்றும் சொல்வர்.

இதற்கு இரு நியாயங்கள் கூறப்பட்டன. பிஞ்சு விரல்களுக்கே இவ்வேலை கைவரும் என்பது ஒன்று. அவ்வேலைகளை இன்று பெரியவர்கள் செய்கின்றனர், தொழில் நின்றுவிடவில்லை. வறுமை என்பது மற்றொன்று. இதனை எளிதில் ஒதுக்க இயலாது.

1998இல் கௌசிக் பாசு, பாம் ஹோங் வான் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் எழுதிய கட்டுரை, இன்று பல்கலைக்கழகங்களில் உழைப்புச் சந்தை பற்றிப் பயில்வோர்க்குப் பாடமாயிருக்கிறது. அதன் சாரம் இது: எந்தப் பெற்றோரும் விரும்பிப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதில்லை, தம் கூலி போதாதபோதே அனுப்புகின்றனர். ஆனால் பிள்ளை செய்யும் வேலை பெரியவரும் செய்யக்கூடியதே. எனவே பிள்ளைகள் சந்தைக்கு வருந்தோறும் பெரியவர் கூலி தாழ்கிறது; கூலி தாழவே பிள்ளைகள் மேலும் வருகின்றனர். வறுமை பிள்ளையை அனுப்புகிறது. பிள்ளையின் உழைப்பு வறுமையை நிலைநிறுத்துகிறது. எல்லாப் பிள்ளைகளும் ஒருசேர விலகினால் பெரியவர் கூலி உயரலாம். பிறகு பிள்ளையை அனுப்பும் தேவையே எழாது. மிக வறிய நாட்டில் தடை மட்டும் போட்டால் பசி மிகும் என்றும் அவர்கள் எச்சரித்தனர்.

சிவகாசிப் பிள்ளைகள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பும் இவ்வழியில்தான் சென்றது. சட்டத்தை மீறிப் பிள்ளையை அமர்த்திய முதலாளி, பிள்ளை ஒருவருக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழிசெய்ய வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

பள்ளியின் பங்கும் பெரிது. விருதுநகரில் பிறந்து, இளமையிலேயே பள்ளியை விட்டுக் கடை வேலைக்குச் சென்ற காமராசர், முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வீட்டுக்குச் சுமை என்னும் கணக்கை ஒருவேளைச் சோறு மாற்றிற்று.

திருத்தந்தை 13ஆம் லியோ, 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இரண்டையும் சேர்த்தே வற்புறுத்தினார்: உடலும் உள்ளமும் முதிருமுன் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பலாகாது, உழைப்பவர் கூலி அவர்தம் குடும்பத்தைத் தாங்கப் போதியதாக இருக்க வேண்டும். பின்னது இல்லாமல் முன்னது நிலைக்காது.

முன்னதில் நம் பகுதி நெடுந்தொலைவு வந்துள்ளது. பின்னதோ இன்னும் முடியாத கணக்கு. எண்ணிக்கைக்குக் கூலி என்னுமிடத்தில் விரைவே வருமானம். வெடிமருந்தின்முன் விரைவே ஆபத்து. அவ்வேலையில் இன்று பெருமளவில் அமர்ந்திருப்போர் பெண்கள். நம் மாணவர் பலரின் அன்னையர். பங்குத் திருவிழாவின் வாணவேடிக்கைக்கு விலை பேசும்போது, அந்த விலையில் ஓர் அன்னையின் கூலி எவ்வளவு என்று நாம் கேட்கத் தொடங்கலாமே. அவர் கூலி அன்றாட வாழ்வுக்குப் போதாத நாளில், வீட்டில் அடுத்ததாக வேலைக்குப் புறப்படுவது யார் என்பதை நம் வரலாறு முன்னரே காட்டியிருக்கிறது.