காசநோயைக் கண்டறிதல்

இருமலோடு வரும் பலருள் காசநோய் உள்ளவர் யார் என்று பிரித்தறியும் மருத்துவ முறை. சயரோகம், என்புருக்கி என்றும் இந்நோய் அழைக்கப்பட்டது. மாலையில் ஏறும் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் ரத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் வேறு நோயிலும் வரும். கண்டறிதலின் வரலாறு முழுவதும் இந்தச் சிக்கலோடு நடந்த போராட்டம்தான்.

நெஞ்சை விரலால் தட்டி உள்ளிருப்பதை அறியும் முறையை வியன்னா மருத்துவர் லெயோபோல்ட் ஆவன்புரூகர் 1761இல் நூலாக வெளியிட்டார். நலமான நெஞ்சு துணி போர்த்திய முரசு போல ஒலிக்கும். நீர் கோத்த இடம் சதையில் தட்டியது போல மந்தமாக ஒலிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், பிரெஞ்சு மருத்துவர் கோர்விசார் 1808இல் மொழிபெயர்த்த பிறகே இது பரவலாயிற்று.

பாரிஸில் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ரெனே லென்னெக், 1816இல் ஒரு பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஒலி முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பிறகு மரக்குழாய் செய்துகொண்டார், அதுவே ஸ்டெதாஸ்கோப். உயிரோடு இருந்தபோது கேட்ட ஒலியை, இறந்தபின் நுரையீரலில் கண்ட குழியோடும் கட்டியோடும் பொருத்திப் பார்த்ததே அவருடைய பெரும்பணி. 1826இல் காசநோய்க்கே அவர் பலியானார்.

காதுக்குக் கேட்பது நோயின் விளைவு. காரணம் 1882 வரை தெரியவில்லை. அவ்வாண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். எர்லிக், சீல், நீல்சன் ஆகியோர் சாயமிடும் முறையை அடுத்தடுத்துச் செம்மைப்படுத்தினர். கண்ணாடிச் சில்லில் சளியைத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவுவார்கள். மற்றவை நிறம் இழக்க, மெழுகு போன்ற உறையுள்ள இந்தக் கிருமி மட்டும் சிவப்பை விடாது. அடுத்து ஊற்றும் நீலச் சாயத்தின் பின்னணியில் சிறு சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த முறை பல ஆய்வகங்களில் உயிரோடு இருக்கிறது. குறை ஒன்று உண்டு: ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இல்லாவிட்டால் கண்ணில் படுவது அரிது. சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் அதுவும் வீண். காலையில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லித்தருவதும் நோயறிதலின் பகுதியே.

ராண்ட்ஜன் 1895இல் கண்ட எக்ஸ்ரே, நுரையீரலின் நிழலைக் காட்டியது. 1908இல் வந்த மாண்டோ ஊசி, கிருமி உடலுக்குள் புகுந்ததைக் காட்டியது. நோயாக மாறிவிட்டதா என்று அதனால் சொல்ல இயலாது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து எடுப்பவரும் சானடோரியத்தில் தங்குபவருக்கு இணையாகக் குணமடைவதை 1959இல் நிறுவியது. மருத்துவமனைப் படுக்கை இல்லாதது சிகிச்சைக்குத் தடையில்லை என்றானதும், நோயாளிகள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் செய்து 1963இல் வெளியான ஆய்வு இதற்குக் கசப்பான விடை தந்தது. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இருமலுக்கென்று ஏற்கெனவே மருத்துவம் தேடிப் போயிருந்தனர். பெரும்பாலோர் இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். மக்களின் அறியாமையே காரணம் என்று பேசியவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு இது. சந்தேகம் வராதவரிடம் நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பார்க்க வேண்டும் என்ற இன்றைய விதி, சந்தேகப்படுவதையே கடமையாக்குகிறது.

கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்துக்குள் காட்டி, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றது. கோவாவில் உருவான ட்ரூநாட் 2020இல் அந்த ஏற்பைப் பெற்றது. இடையில், காசநோய்க்கென்று தனியார் ஆய்வகங்களில் பரவியிருந்த ரத்தப் பரிசோதனைகளை, நோயில்லாதவரை நோயாளி என்றும் நோயாளியை நலமானவர் என்றும் காட்டியதால், இந்தியா 2012இல் தடைசெய்தது. அந்தப் பரிசோதனைகளுக்குக் கூலியைச் செலவழித்தவர்கள் எளிய மக்கள். தடை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியான பின்னும் கண்டறிதலைத் தொடர்கிறது. யாருக்கு உயிராபத்து அதிகம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். உயரம், எடை, காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு. கடைசியாக, பிடிமானம் இல்லாமல் அவரால் நிற்க முடிகிறதா என்பது.